மனாஸ்லு சுற்றுப்பாதை, அக்டோபர் 2024: சேர்ந்து நடக்க ஆள் வேண்டும்

கேள்வி:
நேபாளத்தில் மனாஸ்லு மலையைச் சுற்றிவரும் மலையேற்றப் பாதையில் அக்டோபரில் நடக்கப் போகிறேன். அது கட்டுப்பாட்டுப் பகுதி என்பதால் தனி ஆளுக்கு அனுமதி கிடையாது, குறைந்தது இரண்டு பேராவது வேண்டும், கூடவே பதிவு பெற்ற வழிகாட்டியும் கட்டாயம் என்கிறார்கள். என் நண்பர்கள் யாருக்கும் விடுமுறை இல்லை. யாராவது வருகிறீர்களா? நான் மெதுவாகத்தான் நடப்பேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதில்:
மெதுவாக நடப்பது நல்லதுதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அனுமதிக் கட்டணம் முதல் வாரத்துக்கு 100 டாலர், அப்புறம் நாளுக்கு 15. பாதை முடியும் தாராபானி கிராமம் அன்னபூர்ணா பகுதியில் இருப்பதால் மனாஸ்லு, அன்னபூர்ணா இரண்டு பாதுகாப்புப் பகுதிகளின் அனுமதியும் தேவை. சில முகவர்கள் வராத ஒருவரின் பெயரைச் சேர்த்து அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்வார்கள், தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பதில்:
ஆள் கிடைத்ததும் பணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கிளம்பாதீர்கள். ஒருவருக்குத் தலைவலி, வாந்தி என்று வந்தால் மற்றவர் நிற்பாரா, யாருடன் வழிகாட்டி இறங்குவார் என்று முன்பே பேசுங்கள். என்னுடன் வந்தவர் வழியில் உள்ள சாமாகாவோன் கிராமத்தில் கூடுதலாக ஒரு நாள் தங்க மறுத்தார். அதற்கப்புறம் கடக்க வேண்டிய லார்க்யா கணவாய் 5,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது, உடம்பு பழகாமல் ஏறினால் உயிருக்கே ஆபத்து. கடைசியில் நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சாமாகாவோனில் இரண்டு இரவு என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குச் சம்மதம் உள்ளவர்கள் மட்டும் எழுதுங்கள்.