புதுப்பிப்பு: அம்மா இருக்கும் முதியோர் இல்லம், மூன்று வாரம் கழித்து

இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் அம்மாவை கோவையில் ஒரு இல்லத்தில் சேர்த்திருக்கிறோம், அங்கே கவனிப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது எனப் போன மாதம் கேட்டிருந்தேன். சொல்லாமல் ராத்திரியில் போய்ப் பாருங்கள் என்றீர்கள். போனேன்.

மணி எட்டரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்ததைக் குறிக்கும் தாளில், பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. உடனே குதிகாலையும் இடுப்பையும் பார்த்தேன். நம் நிறத்துக்குத் தோல் சிவந்திருப்பது லேசில் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். வால் எலும்புப் பக்கம் சூடாக, கெட்டியாக இருந்தது. படுக்கைப்புண்ணின் ஆரம்பம் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். எடையும் ஒரே மாதத்தில் 52 கிலோவிலிருந்து 49. மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்த ஆயாம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரவில் 22 பேருக்கு அவர் ஒருவர்தான். வரவேற்பறையில் ஏசி, மீன்தொட்டி எல்லாம் பார்த்து மயங்கிய நாங்கள் இதைக் கேட்கவே இல்லை.

நிர்வாகியிடம் எழுத்தில் புகார் கொடுத்தோம். இரவுக்கு இன்னொருவரைப் போட்டிருக்கிறார்கள், காற்று மெத்தையும் வந்துவிட்டது. அந்தக் கெட்டி இப்போது இளகியிருக்கிறது. திரும்பவும் தாளில் பொய் டிக் பார்த்தால் 14567 முதியோர் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டு, அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம். நாளை ராத்திரி தம்பி போகிறான்.