ஆர்னால்ட் வெஸ்கரை இங்கிலாந்து மேடை ஏன் கைவிட்டது? நம் ஊரில் அவருடைய எந்த நாடகத்தை நடிக்கலாம்?

மன்னார்குடி வாசகன்:

வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஆங்கில நாடகாசிரியர் ஆர்னால்ட் வெஸ்கரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 1932இல் கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில், தையல் தொழிலாளியான தந்தைக்கும் பொதுவுடைமைக் கட்சியில் ஊறிய தாய்க்கும் பிறந்த யூதர். தச்சர், குழாய் வேலைக்காரர் ஆகியோருக்குக் கையாளாகவும், பண்ணைக் கூலியாகவும், ஓட்டல் சமையலறைப் பணியாளாகவும் உழைத்தவர். 1958 தொடங்கி நான்கே ஆண்டுகளில் ஐந்து நாடகங்களால் பெரும் பெயர் பெற்றவர். இதுவரை எங்களுக்குத் தெளிவாக இருக்கிறது. அதன் பிறகு 2016இல் இறக்கும்வரை அவர் எழுதிக்கொண்டே இருந்தும், பெரிய அரங்குகள் அவரைவிட்டு விலகியது ஏன் என்பது விளங்கவில்லை. தொழிற்சங்கங்களோடு அவருக்கு என்ன நேர்ந்தது?

இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்; ஒருவர் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். ஒரு காட்சியையாவது நடித்துப் பார்க்க ஆசைப்படுகிறோம். எதை எடுக்கலாம்?

கும்பகோணத்தான்:

இரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். யோசிக்காமல் ‘தி கிச்சன்’ நாடகத்தை எடுங்கள். கல்லூரியில் சேர்வதற்கு முன் கும்பகோணத்து ஓட்டல் ஒன்றில் சரக்கு மாஸ்டருக்குக் கையாளாக இருந்தவன் என்பதால், அந்த நாடகத்தைப் படித்தபோது எழுதியவர் அடுப்படியில் நின்றவர்தான் என்பது எனக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. மனிதர்கள் பேசத் தொடங்கும் முன்பே இரவுப் பணியாள் வந்து அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பற்றவைக்கிறான். அவற்றின் இரைச்சல் ஏறிக்கொண்டே போய், இறுதிவரை பின்னணியில் நிற்கிறது. காலை நாலரை மணிக்கு டீசல் பர்னரை மூட்டியவர்களுக்கு அந்த இரைச்சல் எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. அதற்கு மேல் குரல் எழும்ப வேண்டும் என்பதாலேயே எல்லோரும் கத்துவார்கள், கத்துவதே நாளடைவில் சண்டையாகிவிடும்.

வெஸ்கர் தரும் குறிப்புகளில் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது ஒன்று: மேடையில் உணவுப்பொருள் எதுவுமே வரக்கூடாது. பரிமாறும் பெண்கள் வெறும் தட்டுகளை ஏந்திப் போவார்கள். சமையல்காரர்கள் கையசைவால் மட்டுமே நறுக்குவார்கள், வறுப்பார்கள், கிளறுவார்கள். மதிய உணவு நேரத்தில் ஆர்டர்கள் குவியும் கட்டத்தில், முப்பது பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் அவரவர் வேலையைச் செய்துகொண்டே கத்த வேண்டும். இதை நடிப்புப் பயிற்சி பெற்றவர்களைவிட முகூர்த்த நாளில் நான்கு பந்தி பரிமாறியவர்கள் நன்றாகச் செய்வார்கள் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் கல்யாணச் சமையல் நண்பரை நடிகராக அல்ல, இயக்குநராகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஜெர்மானியச் சமையல்காரனான பீட்டர் வெறிகொண்டு எரிவாயுக் குழாயை வெட்டிவிடுகிறான். வேலை கொடுக்கிறேன், சம்பளம் தருகிறேன், வேண்டியதைச் சாப்பிடுகிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று முதலாளி கேட்கிறார். அவர் மனதாரவே கேட்கிறார், பாசாங்கு செய்யவில்லை. நான் பார்த்த முதலாளியும் அப்படித்தான்.

தஞ்சை ஓய்வாசிரியர்:

முதல் கேள்வி சிக்கலானது. வெஸ்கர் எழுந்து வந்த பாதையில் லண்டனின் ராயல் கோர்ட் அரங்குக்கும், காவன்ட்ரி நகரின் பெல்கிரேட் அரங்குக்கும் பெரும் பங்குண்டு. ‘சிக்கன் சூப் வித் பார்லி’ 1958இல் காவன்ட்ரியில்தான் முதலில் அரங்கேறியது. ‘ரூட்ஸ்’ அடுத்த ஆண்டு அங்கேயே நடிகை ஜோன் ப்ளோரைட் நடிக்க மேடையேறியது. விமானப்படையில் கட்டாயச் சேவை செய்த அனுபவம் 1962இல் ‘சிப்ஸ் வித் எவ்ரிதிங்’ ஆயிற்று.

ஆனால் புகழின் உச்சியில் அவர் எழுத்தைக் குறைத்துக்கொண்டு அமைப்புப் பணிக்குப் போனார். 1960இல் பிரிட்டிஷ் தொழிற்சங்கப் பேரவையின் மாநாடு, கலைகள் தொழிலாளர் வாழ்வின் பகுதியாக வேண்டும் என்ற 42ஆம் தீர்மானத்தை ஏற்றது. அந்த எண்ணையே பெயராக வைத்து ‘சென்டர் 42’ என்ற அமைப்பை அவர் நடத்தினார். 1961, 1962 ஆண்டுகளில் வெலிங்பரோ, நாட்டிங்காம், பர்மிங்காம், பிரிஸ்டல் போன்ற ஊர்களில் உள்ளூர்ச் சங்கங்களின் அழைப்பில் விழாக்கள் நடந்தன. தீர்மானத்துக்குக் கைதூக்கிய சங்கங்கள் பணப்பெட்டியைத் திறக்கும் நேரத்தில் பின்வாங்கின. விழாக்கள் கடனில் முடிந்தன. பிறகு லண்டனில் ரயில் எஞ்சின்களுக்காகக் கட்டப்பட்ட ரவுண்ட்ஹவுஸ் என்ற வட்டக் கொட்டகையைப் பெற்று, அதைப் புதுப்பிக்க நிதி திரட்டியே காலம் கரைந்து, 1970இல் விலகினார். நம் ஊர் சபாக்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல.

அதற்குப் பின் வந்தவை அடுக்கடுக்கான அடிகள். 1972இல் ‘தி ஜர்னலிஸ்ட்ஸ்’ நாடகத்தில் நடிக்க ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற பெரிய நாடகக் குழுவின் நடிகர்கள் மறுத்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். வழக்குப் போட்டவரை மேடை உலகம் எளிதில் மறப்பதில்லை. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரனான ஷைலாக்கின் பக்கம் நின்று அவர் எழுதிய ‘தி மெர்ச்சன்ட்’ 1977இல் நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வேக்குப் போகும் வழியில், பிலடெல்பியாவில் ஒரே ஒரு முன்னோட்டக் காட்சி நடந்த நிலையில், நாயகனாக நடித்த ஜீரோ மோஸ்டல் இறந்துபோனார். 2006இல் ‘சர்’ பட்டம் வந்தது. 2011இல் பெரிய அரங்குகள் அவருடைய பழைய நாடகங்களை மீண்டும் எடுத்தன.

வர்க்கம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடிக்க நான் தயங்குவேன். அவருடைய பிடிவாதத்துக்கும் பங்குண்டு. இருந்தாலும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாரிஸில் ‘தியாத்ர் து சொலே’ குழு 1967இல் ‘தி கிச்சன்’ நாடகத்தை மேடையேற்றி, 1968 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் பிடித்துவைத்திருந்த தொழிற்சாலைகளுக்குள்ளேயே நடித்துக் காட்டியது. உள்நாட்டில் அவர் தேடியலைந்த பார்வையாளர்கள் கடல் கடந்து கிடைத்தார்கள்.

திருவாரூர் கவிதா:

‘ரூட்ஸ்’ நாடகத்தை யாரும் பரிந்துரைக்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. களம் நார்ஃபோக் மாவட்டத்துப் பண்ணைத் தொழிலாளர் குடும்பம்; வெஸ்கரின் மனைவி பிறந்ததும் அப்படிப்பட்ட குடும்பத்தில்தான். பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவுக்கு வயிற்றுவலி வந்ததும் பண்ணை அவரை நிரந்தர வேலையிலிருந்து தினக்கூலிக்கு இறக்கிவிடுகிறது. வீட்டில் அதற்காகக் கோபப்படுபவள் லண்டனிலிருந்து வந்திருக்கும் மகள் பீட்டி மட்டுமே. 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் பல பண்ணைகளில் நிரந்தர ஆட்கள் தினக்கூலிகளாக்கப்பட்டதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மௌனம் எனக்குத் தெரியும்.

ஆனால் நாடகத்தில் வரும் இந்த பிரையன்ட் குடும்பத்தை அப்படியே கீழத்தஞ்சைச் சேரிக்கு மாற்றிவிடாதீர்கள். அவர்களுக்குக் கூலி குறைவு, தீண்டாமை இல்லை. அந்த வேறுபாட்டை மறைத்தால் நாடகம் பொய்யாகிவிடும். கூடிய மட்டும் நார்ஃபோக்காகவே வைத்து நடியுங்கள். பார்ப்பவர்கள் தாங்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

மன்னார்குடி வாசகன்:

அனைவருக்கும் நன்றி. ‘தி கிச்சன்’ நாடகத்தின் மதிய வேளைக் காட்சியை நடிப்பதற்கும், ‘ரூட்ஸ்’ நாடகத்தை வாசிப்பதற்கும் முடிவு செய்கிறோம். எங்களிடம் பதினான்கு பேர்தான் இருக்கிறார்கள். தமிழாக்கி நடிக்க அனுமதி வேண்டுமா?

தஞ்சை ஓய்வாசிரியர்:

வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள், அதாவது 2076 முடியும்வரை, உரிமை அவருடைய வாரிசுகளுடையது. ஆங்கிலப் பதிப்பின் தொடக்கப் பக்கத்திலேயே மேடை உரிமைக்கு யாரிடம் எழுத வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். கட்டணமில்லாத சிறு கூட்டம், பார்வையாளர் இத்தனை பேர் என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஆள் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம், காட்சியில் அடுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். பரிமாறும் பெண்களை மட்டும் குறைக்காதீர்கள், வேகம் முழுவதும் அவர்கள் வந்து போவதில்தான் இருக்கிறது.