பழைய அரத்தில் சவரக்கத்தி செய்ய 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் போதுமா?

ஈரோடு_அரம்:

எல்லாருக்கும் வணக்கம். மடக்குச் சவரக்கத்தி ஒன்று வீட்டிலேயே செய்ய ஆசை. இப்போது சலூன்களில் இருக்கும் அரை பிளேடு மாட்டுகிற கத்தி இல்லை. கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்துப் பயன்படுத்துகிற பழைய வகை.

கையில் இருப்பவை: 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர், 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், வைஸ், கை டிரில், கேஸ் டார்ச். இரும்புக்கு, பல் மழுங்கிய 10 அங்குலத் தட்டை அரம் ஒன்று. லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்று. இரண்டில் எது சரி? அரம் என்றால் உலையில் போட்டுத்தான் ஆக வேண்டுமா? நகத்தால் சுண்டினால் 'டிங்' என்று ஒலிக்கும் அளவுக்கு மெல்லிசாகக் குடைந்த கத்திகளைப் படங்களில் பார்க்கிறேன். இந்த கிரைண்டரில் அது வருமா?

உலைக்களம்:

ஸ்பிரிங் பட்டையை ஒதுக்கிவிடுங்கள். அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம்தான். அருவாளுக்கு நல்லது, சவரத்துக்குப் போதாது. நல்ல அரத்தில் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும். கிரைண்டரில் லேசாக வைத்துப் பாருங்கள், பொறி பூவாகச் சிதறினால் எடுக்கலாம். மேல்தோல் மட்டும் கடினப்படுத்திய மலிவு அரமும் உண்டு, அது ஆகாது.

நான் செய்கிற முறை: அரத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிடுவேன். இரும்பு இளகிவிடும், அறுக்க, ராவ, துளை போட எல்லாம் சுலபம். உருவம் வந்ததும் மறுபடி காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாமல் போகிற சூடு 770 டிகிரி. அதைத் தாண்டிக் கொஞ்சம் ஏற்றி, வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் செங்குத்தாக இறக்கித் தோய்ச்சல் கொடுக்க வேண்டும், அப்போதுதான் இரும்பு திரும்பக் கடினமாகும். பல் வெட்டின தடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

பீளமேடு_டூல்ரூம்:

தம்பி, உலைக்களம் ஐயா சொன்னது முறையான வழிதான். ஆனா முதல் கத்திக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அரம் ஏற்கெனவே முழுக் கடினத்துல இருக்குது, அதுவும் ஃபேக்டரி உலையில ஏத்துனது. அதை இளக்கிட்டு, டார்ச் வெளிச்சத்துல கண்ணளவா திரும்ப ஏத்தப் போனா, மெல்லிசான பக்கம் முறுக்கிக்கும். சமையல் கத்தி கொஞ்சம் வளைஞ்சா தட்டி நிமித்திக்கலாம். சவரக்கத்தியில முதுகும் கூரும் ஒரே நேரத்துல கல்லுல படியணும். இழையளவு வளைஞ்சாலும் பாதி நீளம் தீட்டுப்படாது.

அதனால கடினத்தை முழுசா இறக்காம, நொறுங்குற குணம் போற அளவுக்கு மட்டும் இறக்குங்க. அரத்தைக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, ஒரு ஓரத்தைப் பளிச்சுனு தேய்ச்சு வச்சுக்கிட்டு, ஓடிஜி அடுப்புல 200 டிகிரியில ஒரு மணி நேரம். ஆறவிட்டு இன்னொரு தடவை. தேய்ச்ச ஓரம் வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வரணும். ஓடிஜி டயல் காட்டுறதும் உள்ளே இருக்கிற சூடும் ஒண்ணா இருக்காது, சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு உள்ளே வச்சிருங்க.

இனி முக்கியமான சங்கதி, முதுகு. இந்தக் கத்திக்குக் கோணம் வைக்கிறது உங்க கை இல்லை. கத்தியைப் படுக்கப்போட்டுத் தீட்டுறோம், அப்ப முதுகு எவ்வளவு தடிமனோ அதுதான் கூரோட கோணம். முதுகைப்போல மூணரையிலிருந்து நாலு மடங்கு அகலம் வையுங்க. 5 மி.மீ. முதுகுக்கு 18, 19 மி.மீ. அகலம்னா கோணம் 15, 16 டிகிரிக்கு வந்துரும். மூணு மடங்குல நிறுத்துனா 19 டிகிரி ஆயிரும், முடியை இழுக்கும். 10 அங்குல அரம் ஏறக்குறைய 6 மி.மீ. தடிமன் இருக்கும், ரெண்டு பக்கமும் பல்லை எடுத்தா உங்களுக்கு வேணுங்கிற 5 தானா கிடைக்கும். முதுகுல பல் தடம் மிச்சம் வைக்காதீங்க, கல்லுல உட்காரப்போறது அந்த இடம்தான்.

உருவத்தை ஆங்கிள் கிரைண்டர்ல மெல்லிய கட்டிங் வீல் போட்டு வெட்டுங்க, கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே. வெட்டுன ஓரம் கருகியிருக்கும், அந்த ரெண்டு மில்லியைப் பொறுமையா தேய்ச்சு எடுக்கணும்.

அடுத்து நடுக்கோடு. கூர் வரப்போற ஓரத்துல மார்க்கர் மை பூசுங்க. கண்ணாடி மேல கத்தியைப் படுக்கவச்சு, கத்தித் தடிமன் 5 மில்லின்னா 5 மில்லி டிரில் பிட்டையும் பக்கத்துல படுக்கவச்சு, பிட்டோட நுனியால ஓரத்தை நீளவாக்குல கீறுங்க. பிட்டோட மூக்கு சரியா அதோட பாதி உயரத்துல இருக்கிறதால கோடு நட்ட நடுவுல விழும். கத்தியைத் திருப்பிப் போட்டு இன்னொரு கீறல். ரெண்டும் ஒண்ணா விழுந்தா தடிமன் சரி. விலகி விழுந்தா பிட் அளவு சேரலை, அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவு பாத்து ஓட்டுங்க.

சக்கரம் பத்தி. மெஷினோட வர்ற சாம்பல் நிறக் கரடுமுரடு கல்லைக் கழட்டிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 60 கிரிட் (மணலோட பருமன் எண், எண் கூடினா மணல் பொடிசு) போடுங்க, சூடு குறையும். கல் வழவழன்னு ஆனா டிரஸ்ஸர் (கல்லோட முகத்தைச் சுரண்டிப் புதுசாக்குற கருவி) பிடிச்சு முகத்தைத் திறந்துவிடுங்க. பெஞ்ச் கிரைண்டர் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல 2,800 சுத்துக்குக் கிட்ட ஓடும், மெல்லிசான எஃகு கண் சிமிட்டுறதுக்குள்ள நீலமாயிரும். நீலம் வந்த இடம் கிட்டத்தட்ட 300 டிகிரி பாத்த இடம், அது இனிமே கூர் நிக்காது. அதனால கையுறை வேண்டாம், வெறுங்கையில பிடிங்க. விரல் பொறுக்காத சூடு வந்தா உடனே தண்ணி. கையுறை சுழல்ற கல்லுல சிக்குற ஆபத்தும் இருக்குது. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். கல்லோட பக்கவாட்டுல அழுத்தித் தேய்க்கவே கூடாது.

ஒரு பக்கம் ரெண்டு இழுப்பு, மறுபக்கம் ரெண்டு இழுப்புன்னு மாத்தி மாத்திப் போங்க. ஓரம் அரை மில்லிக்கு வந்ததும் மெஷினை நிறுத்திருங்க. மிச்சம் முழுக்கக் கண்ணாடி மேல ஒட்டுன வாட்டர் பேப்பர்ல கையால.

'டிங்' விஷயத்துக்கு வர்றேன். 6 அங்குலக் கல்லோட ஆரம் 75 மில்லி. 14 மில்லி அகலப் பள்ளம் குடைஞ்சா, நடுவுல ஒரு பக்கத்துக்கு மூணுல ஒரு பங்கு மில்லிதான் உள்வாங்கும். கத்தி ஆப்பு மாதிரிதான் இருக்கும், லேசான குழிவோட. ஒலிக்கிற கத்திக்கு 3 அங்குலத்தை ஒட்டின சின்னக் கல் வேணும், ரெண்டு மூணு வளைவுல குடையணும். ஜெர்மனியில சோலிங்கன் சாணைக்காரங்க கைவந்த வேலை அது. ஆனா ஆப்பு வடிவத்தைக் குறைவா நினைக்காதீங்க. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740கள்ல மூசை எஃகு (மண் குகையில உருக்கி எடுக்கிற சீரான எஃகு) உருக்குனதுக்கு அப்புறம் இங்கிலாந்துல ஷெஃபீல்டு பட்டறைங்க ரொம்ப காலம் கனமான ஆப்புக் கத்தியைத்தான் செஞ்சாங்க. தடிச்ச தாடிக்கு இன்னைக்கும் எனக்கு அதுதான் பிடிக்கும், முகத்துல அதிராம போகும்.

ஈரோடு_அரம்:

ரொம்ப நன்றிங்க ஐயா. ஆப்பு வடிவமே செய்கிறேன். ஒரு சந்தேகம்: கடினத்தை இறக்காவிட்டால் வால் பக்கம், அதாவது பிடியோடு சேருகிற முனையில், ஆணித் துளை எப்படிப் போடுவது? சாதா டிரில் பிட் வழுக்கிவிடுமே?

பீளமேடு_டூல்ரூம்:

வழுக்கும். வாலை மட்டும் இளக்கிக்கணும். கத்திப் பகுதி முழுக்கத் தண்ணிக்குள்ள, வால் மட்டும் வெளியே தெரியுற மாதிரி டப்பாவுல நிறுத்தி, டார்ச்சை வால் நுனியில காட்டுங்க. நீலம் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போனதும் எடுத்துத் தானா ஆறவிடுங்க. அப்புறம் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட், மெதுவான சுத்து, ரெண்டு சொட்டு எண்ணெய். இதைச் சாணை பிடிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க.

மதுரை_சலூன்:

தம்பி, நான் தொழில்காரன். எங்கப்பா கடையில் தீட்டுகிற கத்திதான் ஓடியது, நானும் அதில்தான் கை பழகினேன். செய்த பிறகு தீட்டுவதில் அவசரப்படாதீர்கள். 1000 கிரிட் கல்லில் நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராகக் கூர் விழுந்து, கை முடியைத் தோலுக்கு ஒட்டி எடுக்க வேண்டும். அது ஆகாமல் மேல் கல்லுக்குப் போனால் எத்தனை தேய்த்தாலும் சவரம் வராது. பிறகு 3000, 8000. முடிந்தால் 12000.

தோல்வாரை இறுக்கிப் பிடித்து, முதுகு முன்னால் போக இழுங்கள். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். கூர்ப் பக்கமாகப் புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. முதல் சவரம் கன்னத்தில் மட்டும். தோலை நன்றாக இழுத்துப் பிடித்து, 30 டிகிரி சாய்வில், சின்னச் சின்ன இழுப்பாக. கழுத்துக்கும் மோவாய்க்கும் கை பழகிய பிறகு போகலாம். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். அர எஃகு ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் துரு ஏறும்.

ஈரோடு_அரம்:

நன்றி அண்ணா. பிடிக்கு ஈட்டி மரம் இருக்கிறது. போதுமா?

பீளமேடு_டூல்ரூம்:

மரம் அழகு. ஆனா நனையுற பொருள், எண்ணெய் நல்லா ஊறவச்சுப் போடணும். எலெக்ட்ரிக்கல் கடையில 3 மில்லி ஹைலம் ஷீட் (பிசின் ஊறின கெட்டி அட்டை மாதிரித் தகடு) கிடைக்குது, தண்ணி ஒண்ணும் பண்ணாது, அரத்தால ராவுறதும் சுலபம். முதல் பிடிக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி, ரெண்டு பக்கமும் வாஷர். சின்ன பால்பீன் சுத்தியால மெதுவா தட்டித் தலை பரப்புங்க, நாலு தட்டு தட்டுனதும் மடக்கிப் பாருங்க. கத்தி தானா விழக் கூடாது, மடக்கும்போது கூர் எந்தப் பக்கப் பிடியிலயும் உரசக் கூடாது.

பிடி மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. முதுகுலயும் கூர்லயும் மார்க்கர் பூசி, கண்ணாடி மேல 1000 பேப்பர் ஒட்டி, அழுத்தாம ஒரே ஒரு இழுப்பு. மை எங்க மிச்சம் நிக்குதுன்னு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து இங்க போடுங்க, எந்த இடத்துல தேய்க்கணும்னு பாத்துச் சொல்றேன்.