மறு: கிரேமெயிலுக்குத் தமிழ்ச்சொல்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். நாமே ஒருமுறை ஒப்புக்கொண்டு, பிறகு பெரும்பாலும் படிக்காமல் விடும் விளம்பர மின்னஞ்சல்களை ஆங்கிலத்தில் கிரேமெயில் (graymail) என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றிய பேச்சு இது.

> எரிதம் என்ற சொல் இருக்கிறதே, அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

இதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது ஐயா. எரிதம் (ஸ்பேம்) என்பது நாம் கேட்காமலே வந்து விழுவது. 1978இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் டெக் நிறுவனத்தின் கணினி விளம்பரம் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே வீச்சில் போனதே, அந்த வகை. கிரேமெயிலுக்கு முகவரி கொடுத்தவர்கள் நாமேதான். அட்சய திருதியைக்கு நகை வாங்கி, பில் போடுமிடத்தில் மின்னஞ்சலைச் சொல்லியிருப்போம். பிறகு ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சலுகை என்று வாரம் தவறாமல் வரும்.

இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் செய்ய வேண்டியதும் ஒன்றே என்று பயனர் நினைத்துவிடுவார். எரிதத்தில் ‘விலகு’ இணைப்பைத் தொடவே கூடாது. இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அனுப்பியவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கிரேமெயிலிலோ அதைத்தான் அழுத்த வேண்டும். மொத்தமாக விளம்பர மடல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலக வழிவைக்க வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024இல் விதித்துவிட்டன. ஜிமெயிலில் பல மடல்களுக்கு அனுப்புநர் பெயரின் அருகிலேயே அது தெரியும். அதை விட்டு எரிதம் என்று குறித்தால், அதே கடையின் நகைச்சீட்டு ரசீதும் ஒருநாள் எரிதப் பெட்டிக்குள் போய்விடக்கூடும்.

> சாம்பல் மடல்?

வேண்டாமே. ‘கிரே’ என்பதற்கு அது நேர்ப்பெயர்ப்புதான், ஆனால் தமிழில் சாம்பல் என்றால் அடுப்பும் சுடுகாடும்தான் முதலில் நினைவுக்கு வரும். எரிதத்துக்குப் பக்கத்தில் வைத்தால், எரிந்து மிஞ்சியது என்றே படிப்பார்கள்.

என் பரிந்துரை: சலிமடல். ஊறுகாய்போல வினைத்தொகை. படித்துச் சலித்த மடல் என்றும் கொள்ளலாம், மாவைப்போல் சலித்தெடுக்க வேண்டிய மடல் என்றும் கொள்ளலாம். இரண்டாவது பொருள்தான் எனக்கு முக்கியம். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் இந்தக் குவியலுக்குள்தான் கிடக்கின்றன. மொத்தமாகக் கொட்டிவிட முடியாது.

> பேச்சில் ‘சளிமடல்’ ஆகிவிடும் அம்மா.

நியாயமான கவலை. ‘சலிப்பு மடல்’ என்றால் அந்த மயக்கம் குறையும், ஆனால் சல்லடை போய் அலுப்பு மட்டுமே மிஞ்சும். அதனால் என் வாக்கு சலிமடலுக்கே. ஐந்தெழுத்து, கைப்பேசித் திரையின் பொத்தானிலும் அடங்கும். தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியின் தமிழாக்கத்தில் இருப்பவர்கள் ‘சலிமடல்’, ‘சலிமடல் பெட்டி’ இரண்டையும் மெனுவில் இட்டுப் பார்த்துச் சொன்னால், அதன்பின் விக்சனரியில் ஏற்றலாம்.