சோலார் போட்ட பிறகு கரண்ட் பில் கூடிடுச்சு, என்ன காரணம்?

கேட்டவர் (மதுரை):
வணக்கம். மொட்டை மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கோம். பேட்டரி இல்லாம கரண்ட் லைனோட சேர்ந்து ஓடுற ஆன்கிரிட். ரீடிங் எடுக்க மூணு வாரம் இருக்கும்போது ஆன் பண்ணிக் கொடுத்தாங்க. ஆப்ல தினம் 12 யூனிட் பக்கம் காட்டுது. ஆனா வழக்கமா 380 வர்ற வீட்டுக்கு இந்தத் தடவை 600 யூனிட்! பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிடுவோம், ஃப்ரிட்ஜ் மட்டும்தான் ஓடும். உள்ள வர்ற கரண்ட், வெளிய போற கரண்ட் ரெண்டையும் தனித்தனியா எண்ணுற நெட் மீட்டர் இன்னும் மாட்டல. போட்டவர்கிட்ட கேட்டா "புது சிஸ்டம், போகப் போகச் சரியாயிடும்"ங்கிறார். யாராவது சொல்லுங்க.

எலக்ட்ரீஷியன் (திண்டுக்கல்):
நெட் மீட்டர் மாட்டலங்கிறதுதான் சார் விஷயமே. பழைய எலக்ட்ரானிக் மீட்டர் பலதும் கரண்ட் வெளிய போனாலும் உள்ள வந்த மாதிரியே யூனிட் ஏத்தும். வயரைத் திருப்பிப் போட்டுத் திருடக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சது. உங்க 12 யூனிட்ல ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணு போனா மிச்சம் 11 லைனுக்குப் போகுது. மூணு வாரத்துக்குக் கணக்குப் போடுங்க, 230 வருது.

உறுதி பண்ணிக்க, உச்சி வெயில்ல வீட்டு லோடு எல்லாத்தையும் அணைச்சிட்டு மீட்டரைப் பாருங்க. மெயினை மட்டும் அணைக்காதீங்க. மெயின் போனா சோலார் இன்வெர்ட்டரும் தானா நின்னுடும். லைன்ல ஏறி வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அந்த ஏற்பாடு. வீட்ல எதுவும் ஓடாதப்போ யூனிட் ஏறி, சோலார் பிரேக்கரை இறக்கினதும் நின்னா, இதேதான்.

கேட்டவர்:
அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பார்த்தேன். சிவப்பு லைட் படபடன்னு துடிச்சுது, யூனிட்டும் ஏறுச்சு. பிரேக்கரை இறக்கினதும் நின்னுடுச்சு. இனி என்ன பண்ணணும்?

எலக்ட்ரீஷியன் (திண்டுக்கல்):
நெட் மீட்டர் வர்ற வரைக்கும் அந்த பிரேக்கர் இறங்கியே இருக்கட்டும். வெயில் வீணாப் போகுதேன்னு மனசு கேட்காதுதான், ஆனா ஓட விட்டா நீங்க கொடுக்கிற கரண்டுக்கு நீங்களே காசு கட்டணும். ஆப்ல தினசரி உற்பத்திக் கணக்கைப் பிரிண்ட் எடுத்து, பழைய பில்லோட சேர்த்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்துல ஏ.இ.கிட்ட (உதவிப் பொறியாளர்) எழுத்துல மனு கொடுங்க. ரசீது வாங்காம வராதீங்க. போட்டுக் கொடுத்தவரையும் விடாதீங்க, நெட் மீட்டருக்கு முன்னாடி ஆன் பண்ணியிருக்கவே கூடாது.

வாசகி (நெல்லை):
ஒண்ணு சேர்த்துச் சொல்றேன் தம்பி. மத்திய அரசோட சூர்ய கர் சோலார் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கில்லையா, அதுவும் நெட் மீட்டர் மாட்டின பிறகுதான் வரும். அதனால மீட்டருக்கு அலைஞ்சாவது வாங்கிடுங்க. மாட்டினதும் இம்போர்ட் (உள்ள வந்தது), எக்ஸ்போர்ட் (வெளிய போனது) ரெண்டு ரீடிங்கும் எழுதுறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. 500 யூனிட்டைத் தாண்டினா 101 முதல் 200 வரைக்கும் இருக்கிற குறைஞ்ச கட்டணம் போயிடும், உங்க பில் இவ்வளவு எகிறினதுக்கு அதுவும் காரணம். அதுவரைக்கும் ராத்திரி ஓடுற ஃபேனை மட்டுமாவது கரண்ட் கம்மியா இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேனா மாத்துங்க; பழசு 75 வாட் இழுக்கும், இது 30 வாட்தான்.