மறு: சாம்பிளிங் ஃபிரேமுக்கு என்ன சொல்?

> ஃபிரேம் என்றால் சட்டகம்தானே. "கூறெடுப்புச் சட்டகம்" என்று முடித்துவிடலாமே.

வணக்கம் ஐயா,

சட்டகம் என்றதும் சுவரில் மாட்டிய போட்டோதான் ஞாபகம் வருகிறது. இங்கே விஷயம் வேறு. கருத்துக் கேட்க ஆட்களைக் குலுக்கி எடுக்கிறோமே (அதுதான் கூறெடுப்பு, அப்படி எடுத்த ஆட்கள் கூறு), எதிலிருந்து எடுக்கிறோம் என்பதற்குத்தான் பெயர் வேண்டும்.

சேலத்தில் கொலுசு வேலை செய்கிறவர்களின் கூலி நிலவரத்தை விசாரிக்கப் போகிறோம் என்று வையுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களின் பெயர்களை வாங்கிக் குலுக்கினால் குலுக்கல் நேர்மையாகத்தான் இருக்கும், ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்து சலங்கை கோத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் பெண்கள் அதில் இருக்கவே மாட்டார்கள். நூறு பேருக்குப் பதில் ஆயிரம் பேரைக் கேட்டாலும் இதே கதைதான்.

1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை இப்படித்தான் கவிழ்ந்தது. டெலிபோன் டைரக்டரி, கார் பதிவேடு என்று பார்த்து யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதிலும் வந்து, லாண்டன்தான் ஜெயிப்பார் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். (பதில் போடாதவர்கள் யார் என்பதும் அதில் பெரிய காரணம், அதற்குத் தனி இழை போடலாம்.)

அப்படியானால் "பட்டியல்" போதுமே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பறிப்புக் காலத்துக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்கு எந்தப் பட்டியலைத் தேடுவது? அங்கெல்லாம் வரைபடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சில பகுதிகளைக் குலுக்கி எடுத்து, அவற்றில் மட்டும் வீடு வீடாக ஏறி ஆட்களை எழுதிக்கொள்ள வேண்டும். முதல் குலுக்கலுக்கு அந்த வரைபடம்தான் ஃபிரேம்.

அதனால் என் ஓட்டு "கூறுமூலம்". கூறு எதிலிருந்து வந்ததோ அது, பட்டியலானாலும் சரி, வரைபடமானாலும் சரி. இதை வைத்து அடுத்த சொற்களையும் சுலபமாகக் கட்டலாம்: சலங்கை கோப்பவர்கள் விட்டுப்போனது "கூறுமூல விடுபாடு", இறந்தவர், ஊர் மாறியவர் பெயரெல்லாம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது "கூறுமூல மிகை". மூலம் என்றதும் வைத்தியர் விளம்பரத்தை இழுத்துக் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருப்பதற்கு "இரட்டிப்பு" சரியா, "இரட்டைப் பதிவு" சரியா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்.