மறு: மிலிட்டரி காண்ட்ராக்டர் = கூலிப்படையா?

எல்லாருக்கும் வணக்கம்,

மிலிட்டரி காண்ட்ராக்டர், அதாவது காசு வாங்கிட்டு ராணுவத்துக்கு வேலை செய்யற தனியார் கம்பெனி, அதோட ஆளுங்க, இவங்களுக்கும் போர்ல வர்ற தட்டுப்பாட்டுக்கும் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு நாம போடற சொல் பட்டியலுக்காக மூணு நாளா இந்த இழைல மெயில் மேல மெயிலா வந்துட்டிருக்கு, ஆபீஸ் வேலைல ஒண்ணுக்கும் பதில் போட முடியல, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்கறதால காலைல காபியோட உக்காந்து எல்லாத்தையும் படிச்சுட்டு மொத்தமா ஒரே மெயிலா எழுதறேன், நீளமா போயிட்டா பொறுத்துக்கங்க.

> கூலிப்படை என்ற பழந்தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் ஆக்க வேண்டும்? பரிமேலழகர் உரையிலேயே இருக்கிறதே.

இருக்குதான் ஐயா, மறுக்கல. திருக்குறள்ல படைமாட்சி அதிகாரத்துக்கு உரை எழுதும்போது மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படைன்னு ஆறு வகை சொல்லி அதுல மூலப்படைதான் சிறந்ததுங்கறார். ஆனா இன்னைக்கு கூலிப்படைன்னு சொன்னா யாருக்கு பரிமேலழகர் ஞாபகத்துக்கு வர்றார்? ‘கூலிப்படை ஏவி ரியல் எஸ்டேட் புரோக்கர் கொலை’ன்னு பேப்பர்ல வருமே, அதுதான் வரும். ஒரு சொல் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள போயிடுச்சுன்னா அதை ஜாமீன்ல எடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. 2023ல ரஷ்யாவோட தனியார் படையான வாக்னர் குழுவைப் பத்தி நம்ம பத்திரிகைகள் கூலிப்படைன்னு எழுதினப்பவும் பாதிப் பேருக்கு அருவா தூக்கின ஆளுங்க மாதிரிதான் மனசுல படம் ஓடியிருக்கும்.

அதைவிட எனக்குப் பெரிய உறுத்தல் வேற. காண்ட்ராக்டர்ங்கறவன் பெரும்பாலும் சண்டையே போடறதில்ல. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவை ஆராய அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட கமிஷன் 2011 ஆகஸ்ட்ல கடைசி அறிக்கை குடுத்துச்சு, 2010ல அந்தப் போர்கள்ல காண்ட்ராக்ட் ஆட்கள் மட்டும் 2,60,000 பேருக்கு மேல இருந்தாங்க, சில சமயம் சிப்பாய்களைவிட இவங்க எண்ணிக்கைதான் ஜாஸ்தின்னு அதுல வருது, வீணாவும் மோசடியாவும் போன பணம் 3,100 கோடில இருந்து 6,000 கோடி டாலர் வரைக்கும் இருக்கும்னு ஒரு கணக்கும் வருது. இந்த ரெண்டரை லட்சத்துல துப்பாக்கி பிடிச்சவங்க சின்னப் பங்குதான். மத்தவங்கல்லாம் சோறாக்கினவங்க, துணி துவைச்சவங்க, கக்கூஸ் கழுவினவங்க, ஜெனரேட்டர் ரிப்பேர் பாத்தவங்க, டீசல் லாரி ஓட்டினவங்க. அதுல ஏகப்பட்ட பேர் நேபாளம், பிலிப்பைன்ஸ், இந்தியான்னு நம்ம பக்கத்துலேர்ந்து போனவங்க. 2004 ஜூலைல ஈராக்ல மூணு இந்திய லாரி டிரைவருங்களைக் கடத்தினாங்களே, செப்டம்பர் 1ஆம் தேதிதான் விட்டாங்க, அவங்க வேலை பாத்தது ஒரு குவைத் கம்பெனிக்கு, அந்தக் கம்பெனி ஈராக்ல தொழிலை நிறுத்தணும்ங்கறதுதான் கடத்தினவங்க கோரிக்கை. அந்த டிரைவரைப் போய் கூலிப்படைன்னு எழுத எனக்குக் கை வரல ஐயா. அவன் கூலி, படை இல்ல.

சட்டப்படி பாத்தாலும் ஒட்டாது. ஜெனீவா ஒப்பந்தங்களோட 1977 கூடுதல் நெறிமுறைல 47ஆம் பிரிவு கூலிப்போராளிக்கு ஆறு நிபந்தனை வைக்குது, சண்டைக்குன்னே ஆள் எடுத்திருக்கணும், நேரா சண்டைல இறங்கணும், காசுக்காக வந்திருக்கணும், சண்டை போடற நாட்டோட குடிமகனா இருக்கக் கூடாது, இப்படிப் போகும், ஆறும் ஒண்ணா பொருந்தினாதான் அந்தப் பேரு. பிளாக்வாட்டர்ங்கற அமெரிக்கத் தனியார் பாதுகாப்புக் கம்பெனி ஆளுங்க 2007 செப்டம்பர் 16 அன்னைக்கு பாக்தாத் நிசூர் சதுக்கத்துல 17 பேரைச் சுட்டுக் கொன்னாங்க, அந்தக் கேஸ்ல தண்டனை வாங்கின நாலு பேரும் அமெரிக்கர்கள், அதாவது சண்டை போடற நாட்டுக் குடிமக்கள், அப்ப அந்தப் பிரிவுப்படி அவங்ககூட கூலிப்படை ஆக மாட்டாங்க. (அந்த நாலு பேருக்கும் 2020 டிசம்பர்ல டிரம்ப் பொதுமன்னிப்பு குடுத்துட்டார். அதைப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும்.)

அதனால என் கட்சி, கூலிப்படையை அந்த 47ஆம் பிரிவு அர்த்தத்துக்கு மட்டும் வச்சுக்குவோம், காண்ட்ராக்டருக்கு வேணாம்.

> அப்ப ஒப்பந்தப்படை? நேரா புரியுதே, என்ன குறை?

நானும் முதல்ல இதுக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தேன், அப்புறம் ரஷ்யா பக்கம் போய்ப் பாத்தா தலைகீழா இருக்கு. அங்க ‘கொன்ட்ராக்ட்னிக்’னா ஒப்பந்தம் போட்டு ராணுவத்துல சேந்த அரசாங்க சிப்பாய், கட்டாய சேவைல வந்தவன் இல்லங்கறதைக் காட்டற சொல். தனியார் ஆள் இல்ல. நம்ம ஊர்லயே 2022ல அக்னிபத் அறிவிச்சப்ப நாலு வருஷ ஒப்பந்த வீரர்கள்னுதான் பல பேர் எழுதினாங்க. ஒப்பந்தப்படைன்னு போட்டா படிக்கறவருக்கு அக்னிவீரரா வாக்னரான்னு குழப்பம் வந்துடும்.

கூத்து என்னன்னா வாக்னர் கலகமே ஒப்பந்தத்தை வச்சு வந்ததுதான். 2023 ஜூன்ல தன்னார்வப் படைகள் எல்லாம் ஜூலை 1க்குள்ள பாதுகாப்பு அமைச்சகத்தோட ஒப்பந்தம் போடணும்னு உத்தரவு வந்துச்சு, வாக்னர் தலைவர் பிரிகோஷின் மாட்டேன்னுட்டார், ஜூன் 23, 24ல படையைத் திருப்பிக்கிட்டு மாஸ்கோ ரோட்டைப் பிடிச்சார். ஒப்பந்தம் போட மறுத்து கலகம் பண்ணின படைக்கு ஒப்பந்தப்படைன்னு பேர் வைக்கறது கொஞ்சம் ஓவரா இல்ல?

இதே ஆள்தான் அடிப்படைல கேட்டரிங் காண்ட்ராக்டர், அதையும் மறந்துடாதீங்க. கலகம் முடிஞ்ச ஜூன் 27 அன்னைக்கு புதினே வாயத் திறந்து கணக்கு சொன்னார், 2022 மேலேர்ந்து ஒரு வருஷத்துக்கு வாக்னர் ஆட்களோட சம்பளம், ஊக்கத்தொகைக்கு அரசாங்கம் குடுத்தது 8,600 கோடி ரூபிளுக்கு மேல, அதே காலத்துல ராணுவத்துக்கு சாப்பாடு போட்டு அவரோட கான்கார்ட் கம்பெனி சம்பாதிச்சது 8,000 கோடி ரூபிள். சண்டை போட்டதுக்கும் சோறு போட்டதுக்கும் ஏறக்குறைய ஒரே பில்! இத்தனைக்கும் ரஷ்ய சட்டத்துல தனியார் ராணுவ கம்பெனிங்கறதுக்கு இடமே கிடையாது.

> எங்கட பக்கம் இதுக்கு கொந்தராத்து எண்டுதான் சொல்லுறது, கொந்தராத்துக்காரர் எண்டா எல்லாருக்கும் விளங்கும். ஒப்படை எண்டு தம்பி ஒராள் போட்டிருந்தார், சிரிச்சுப்போட்டன், அது இஞ்ச பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் குடுக்கிற வேலை.

அக்கா, ஒப்படை போட்ட தம்பி நான்தான் :-) ஒப்பு + படை, ஒப்படைச்சதுன்னும் வரும், ரெண்டு மாங்கான்னு நெனைச்சேன், இலங்கைல அது ஹோம்வொர்க்குன்னு தெரியாது. வாபஸ். கொந்தராத்து அழகான சொல், கொன்ட்ராக்ட்னிக்கோட ஒண்ணுவிட்ட சொந்தம் மாதிரியும் இருக்கு, ஆனா இந்தப் பக்கம் யாருக்கும் புரியாது, அடைப்புக்குள்ள காண்ட்ராக்ட்னு போட்டு விளக்க வேண்டி வரும்.

அதுக்கு அப்புறம் நான் போட்ட ‘போர்க்குத்தகை’யையும் எடுத்துடறேன். என்னமோ ஊரையே குத்தகைக்கு எடுத்த மாதிரின்னு சொல்றோமே, அந்தத் தொனி பிடிச்சுத்தான் போட்டேன். ஆனா குத்தகைன்னா எடுக்கறவன்தான் நிலத்துக்காரனுக்கு அளக்கணும், இங்க ராணுவம் கம்பெனிக்கு அளக்குதேன்னு ஐயா ஒரு வரில கேட்டுட்டார், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

> 84இல எங்கட விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி குடுக்க வந்த கே.எம்.எஸ். எண்ட பிரித்தானியக் கொம்பனிய எந்தப் பெட்டிக்குள்ள போடுறது? அவை சமையல்காரரும் இல்ல.

இந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டிச்சு. எல்லாத்துக்கும் ஒரே சொல் தேடறதுதான் நம்ம தப்பு. 2020 பிப்ரவரி 29ல தோஹாவுல அமெரிக்காவும் தாலிபானும் போட்ட ஒப்பந்தத்துல ஆப்கானிஸ்தானை விட்டு யார் யார் வெளியேறணும்னு எழுதின வரியைப் பாருங்க, படைகளோட சேத்து தூதரகம் சாராத சிவிலியன்கள், தனியார் பாதுகாப்பு காண்ட்ராக்டர்கள், பயிற்சியாளர்கள், ஆலோசகர்கள், துணைச்சேவை ஆட்கள்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா சொல்லியிருக்கு. எழுதினவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கு.

அந்த ஒரு வரி என்ன பண்ணிச்சுன்னும் சொல்லணும், ஏன்னா காண்ட்ராக்டரை நம்பி இருக்கறதுன்னா என்னங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. ஆப்கான் விமானப்படைல முன்னாடி இருந்தது ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டர், அதை அந்த ஊர் மெக்கானிக்குங்களே பெரும்பாலும் பிரிச்சு மாட்டிடுவாங்க, பல வருஷப் பழக்கம். அமெரிக்கா அதை மாத்தி பிளாக் ஹாக் குடுத்துச்சு, நல்ல மெஷின்தான், ஆனா பராமரிப்பு முழுக்க காண்ட்ராக்டர் கைல. காண்ட்ராக்டர் ஆதரவு இல்லாட்டி எந்த விமானமும் சில மாசத்துக்கு மேல சண்டைக்குத் தாங்காதுன்னு அமெரிக்காவோட சொந்த மேற்பார்வை அலுவலகமே 2021 தொடக்கத்துல எச்சரிச்சுது. ஒப்பந்தப்படி காண்ட்ராக்டர்ஸ் கிளம்பிட்டாங்க, அப்புறம் வீடியோ கால்ல ஸ்பேனரைக் காட்டி காட்டி ரிப்பேர் சொல்லிக் குடுக்கற நிலைமை, பறக்கறது குறைய குறைய மலைல மாட்டின படைக்கு குண்டும் போகல சோறும் போகல, ஆகஸ்ட் 15ல காபூல் விழுந்துச்சு. தோத்ததுக்கு இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல, ஊழல், சம்பளம் வராதது, தலைவருங்க ஓடினது எல்லாம் உண்டு. ஆனா ஹெலிகாப்டர் அவங்களோடதா இருந்துச்சு, அதை ஓட விடறது அவங்களோடதா இல்ல.

இந்த நிலைமைக்குத்தான் நமக்கு சொல் வேணும், ஆளுக்கு இல்ல. ‘ஒப்பந்தச் சார்பு’ன்னு வைக்கலாமா? சப்புன்னுதான் இருக்கு, தெரியுது. ஆனா பொய் சொல்லாது. ஆளுங்களுக்கு: ஆயுதம் தாங்கினா தனியார் படை, கம்பெனிக்கு படைப்பணி ஒப்பந்ததாரர், லாரி ஓட்டறவருக்கும் சமைக்கறவருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர், அவ்வளவுதான், நெய்வேலில இருந்தாலும் பாக்தாத்ல இருந்தாலும் அவர் ஒப்பந்தத் தொழிலாளர்தான். அக்கா கேட்ட பயிற்சிக் கம்பெனியும் படைப்பணி ஒப்பந்ததாரர்ல வரும்.

அடுத்தது தட்டுப்பாடு. தளவாடத் தட்டுப்பாடுன்னு போட்டிருந்தேன், இலங்கைல தளபாடம்னா மேசை நாற்காலின்னு அக்கா சொன்னதுலேர்ந்து அந்த வார்த்தையைப் படிக்கறப்பல்லாம் சிப்பாய் சோஃபா இல்லாம நிக்கற மாதிரியே தெரியுது. இருந்தாலும் ராணுவத் தளவாடம் இங்க ஊறின சொல், இருக்கட்டும்.

ஆனா பீரங்கில போற குண்டு பத்தாம போறதுக்குத் தனிச் சொல் வேணும். பிரிகோஷின் 2023ல உக்ரைன்ல பக்முத்ல நின்னுக்கிட்டு செத்த ஆளுங்களைக் காட்டி குண்டு எங்கடான்னு, அப்ப ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த ஷோய்கு, தலைமைத் தளபதி கெராசிமோவ் பேரைச் சொல்லிக் கத்தின வீடியோ பாத்திருப்பீங்க. ரஷ்யன்ல அதுக்கு எறிகணைப் (அதாவது ஷெல்) பசின்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு சொல் இருக்கு. எதிர்ப்பக்கம் உக்ரைன்லயும் அதே கதைதான், அவங்களுக்கு ஒரு வருஷத்துல பத்து லட்சம் எறிகணை தர்றோம்னு ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்ல சொல்லிட்டு கெடுவுக்குள்ள குடுத்தது ஏறக்குறைய பாதி. 1915 மே மாசம் பிரிட்டன்ல குண்டு பத்தலங்கற செய்தி ‘தி டைம்ஸ்’ல வந்து, பிரதமர் ஆஸ்க்வித் கூட்டணி அரசு அமைக்க வேண்டி வந்து, அவரோட அமைச்சர் லாய்ட் ஜார்ஜுக்குன்னே ஒரு வெடிமருந்து அமைச்சகம் உருவாச்சு. நூறு வருஷமாகியும் இதுக்கு நம்மகிட்ட ஒரு பேர் இல்ல. தமிழ்நாட்டுல துப்பாக்கில போறதும் குண்டு, விமானத்துலேர்ந்து விழறதும் குண்டு, பீரங்கில போறதும் குண்டு, எங்க பெரியப்பாவும் குண்டு. எறிகணைங்கற சொல்லை ஈழத்துல போர் நடந்தப்ப அங்கத்த பத்திரிகைகள் புழங்கிப் புழங்கிப் பழக்கிட்டாங்க, பேச்சுல ஷெல்லடின்னாலும் எழுத்துல எறிகணைதான். அதைக் கடன் வாங்கி ‘எறிகணைப் பஞ்சம்’. தட்டுப்பாடுன்னா ரேஷன் கடைல அடுத்த வாரம் வரும்ங்கற மாதிரி இருக்கு, பஞ்சம்னாதான் அந்தக் கத்தலுக்குப் பொருந்தும்.

கடைசியா ஒண்ணு, இது பட்டியல்ல இல்ல, நானா சேக்கறேன். 2004 டிசம்பர் 8ல குவைத்ல அப்ப அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த ரம்ஸ்ஃபெல்டு ஈராக் போர்ச் சிப்பாய்கள் முன்னாடி நின்னப்ப ஒருத்தர் எழுந்து, எங்க வண்டிக்குக் கவசம் போட நாங்க ஏன் குப்பைமேட்டுல பழைய இரும்பு பொறுக்கணும்னு கேட்டார், கூட்டமே கை தட்டிச்சு. இருக்கற படையை வச்சுத்தான் போருக்குப் போக முடியும், ஆசைப்பட்ட படையை வச்சு இல்லங்கற மாதிரி பதில் வந்துச்சு. (அந்தக் கேள்வியைத் தயார் பண்ண ஒரு நிருபர் உதவினார்னு அப்புறம் தெரிஞ்சுது. உதவினா என்ன, இரும்பு பொறுக்கினது நிஜம்தானே.) அதைவிடக் கொடுமை, கவச ஹம்வி (ராணுவ ஜீப் மாதிரி வண்டி) செய்யற கம்பெனி, மாசம் 450 வண்டி பண்றோம், இன்னும் 100 பண்ண முடியும், யாரும் கேக்கலன்னுச்சு. அதுக்கப்புறம்தான் ஆர்டர் கூடிச்சு. இப்படி ஒட்டுப்போட்ட கவசத்துக்கு சிப்பாய்கள் பட்டிக்காட்டான் கவசம்ங்கற மாதிரி ஒரு கேலிப்பேர் வச்சிருந்தாங்க. அப்படியே மொழிபெயர்த்தா பட்டிக்காட்டைத் திட்டின மாதிரி ஆயிடும், நமக்கு வேணாம். ‘காயலாங்கடைக் கவசம்’ எப்படி? சென்னைக்காரங்க யாரும் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டாங்க. மதுரைல, கோவைல காயலாங்கடைன்னா புரியுமா, இல்ல பழைய இரும்புக் கடைக் கவசம்னே போடணுமா? ‘பேரீச்சம்பழக் கவசம்’னு வீட்டம்மா சொன்னாங்க, இரும்புக்குப் பேரீச்சம்பழம், ஈராக்குக்கும் பொருத்தம்னு. இலங்கைல இரும்புக்கு என்ன குடுப்பாங்கன்னு அக்கா சொன்னாத்தான் அதை முடிவு பண்ண முடியும்.